ஏடு தொடக்குமுன்

விசயதசமி நாட்காலையில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலே ஏடு தொடக்கல் நடைபெறுவது வழக்கம். தாம்பாளத்திலே பச்சையரிசியைப் பரப்பி, குழந்தையை மடியில் இருத்தி, அதன் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் பணி பல ஆண்டுகளாக என்பால் விடப்பட்டிருக்கின்றது. அழுகின்ற குழந்தைகள் உண்டு. அரிசியை அள்ளி வாயிலே போடுங் குழந்தைகள் உண்டு. எழுதியதைக் கையினாலே கலைத்துவிட்டுச் சிரிக்கின்ற குழந்தைகளும் உண்டு. அவையெல்லாம் எனக்குப் பழகிப்போன காட்சிகள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த பெண்குழந்தை ஒருத்திதான் என்னைத் திகைக்கச் செய்தாள்.

அவளுக்கு வயது மூன்றரை இருக்கும். மடியிலே இருந்தவள், நான் விரலைப் பிடிக்குமுன்னரே தானாக அரிசியில் ஓர் எழுத்தை எழுதினாள். அஃது ஆங்கில எழுத்து. அதனை அழித்துவிட்டு அடுத்த எழுத்தையும் எழுதினாள். முகத்திலே சிரிப்பில்லை, அழுகையும் இல்லை. தாயின் முகத்திலே மாத்திரம் பெருமிதம் இருந்தது.

“ஐயா, இவள் மொண்டிசோரிக்குப் போறாள். ஏ பி சி இருபத்தாறும் எழுதுவாள். ஆனால் வாய்தான் திறக்கமாட்டாள்” என்றார் அந்தத் தாய்.

பக்கத்திலே நின்ற பாட்டியார், “குமரகுருபரரும் ஐஞ்சு வயசு மட்டும் பேசேல்லைத்தானே, ஐயா” என்று சமாதானஞ் சொன்னார்.

செந்திலாண்டவன் அருளினாலே ஐந்தாவது வயதில் வாய்திறந்து பாடினார் குமரகுருபரர் என்பது நாம் அறிந்த வரலாறு. ஆனால் அற்புதத்தை எதிர்பார்த்து நம் வீட்டுப் பிள்ளையை ஐந்து ஆண்டு காத்திருக்க வைத்தல் தகுமா? செவியிலே குறையுண்டோ வேறு ஏதும் உண்டோ என்று முதலில் மருத்துவரிடம் காட்டும்படி கூறினேன். அதன் பின்னர், “வீட்டிலை இவளோடை என்ன கதைக்கிறனீர், பிள்ளை?” என்று கேட்டேன்.

அந்தத் தாய் வியப்புடன் என்னைப் பார்த்தார். “சின்னப்பிள்ளையோடை என்னத்தைக் கதைக்கிறது, ஐயா?” என்றார்.

அவர் அதனை அலட்சியமாகக் கூறவில்லை. உண்மையாகவே அறியாது கேட்டார். ஒரு தாய் கேட்கும் இவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? பாடசாலையா, மருத்துவமனையா, அயலா? இற்றைவரை அவருக்கு அதனை எவரும் சொல்லவில்லை. மூன்று மொழிகளிலே எழுத்துக் கற்பிக்கும் இடங்கள் ஊர்தோறும் உண்டு. குழந்தையோடு பேசுதல் எப்படி என்று பெற்றோருக்குக் கற்பிக்கும் இடம் எங்கே உண்டு? அன்று தொடக்கம் இந்த வினா என்னை விட்டகலவில்லை.

பெயரும் பொருளும்

நம் நாட்டிலே ‘மொண்டிசோரி’ என்பது பொதுப்பெயராகிவிட்டது. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள் கூடும் எந்த இடத்தையும் அப்பெயராலேயே அழைக்கின்றோம். அது ஓர் அம்மையாரின் பெயரென்பதைப் பலர் அறியார்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1870 இல் இத்தாலி நாட்டிலே பிறந்தவர், மருத்துவர். 1907 ஆம் ஆண்டு சனவரி மாதம் 6 ஆந் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைப் பகுதியிலே தமது முதலாவது ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், உலகப் போர்க் காலத்திலே கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்தார். ஆகவே அவருடைய பெயர் நம் மண்ணிலே வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு.

ஆனால் சான் லொரென்சோவிலே தொடங்கிய இல்லத்தின் ஒரு சிறப்பை நாம் மறந்தோம். அவ்வில்லம் ஊருக்குப் புறம்பே கட்டப்பட்ட பள்ளிக்கூடம் அன்று. ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த மாடிக் கட்டடத்தின் உள்ளேயே அஃது அமைந்திருந்தது. ஆசிரியை அதே கட்டடத்திலே குடியிருந்தார். தாய்மார் எந்த வேளையிலும் வந்து பார்க்கலாம். இல்லத்துக்கென வகுத்த விதிகளிலே, தாயானவள் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து ஆசிரியையுடன் உரையாடவேண்டும், வீட்டிலே குழந்தை எப்படி இருக்கிறதென்று சொல்லவேண்டும், ஆசிரியை கூறும் அறிவுரையைக் கேட்கவேண்டும் என்பதும் ஒன்று. குழந்தைக்குத் திறந்த கதவு தாய்க்கும் திறந்திருந்தது. நாம் அம்மையாரின் பெயரைப் பலகையிலே எழுதிக்கொண்டோம்; தாய்க்குரிய கதவை அடைத்துவிட்டோம். காலை எட்டு மணிக்குப் படலையிலே பிள்ளையை இறக்கிவிடும் தாய், நண்பகலிலே அதே படலையிலே நின்று பிள்ளையை ஏற்றிச் செல்கிறார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. வீட்டிலே நடப்பது ஆசிரியைக்குத் தெரியாது.

அம்மையாருக்கு முன்னரே இவ்வுண்மையைக் கண்டவர் செருமனி நாட்டின் பிரீட்ரிக் புரோபெல். 1840 இல் ‘குழந்தைகள் தோட்டம்’ என்னும் பெயரை உலகுக்கு வழங்கியவர் அவரே. நான்கு ஆண்டுகளின் பின், 1844 இல், அவர் வெளியிட்ட ஒரு நூல் என்னை மிகவுங் கவர்ந்தது. அது தாய்மாருக்காகச் செய்யப்பட்ட பாட்டு நூல். குழந்தையின் விரலையும் கையையும் காலையும் அசைத்து விளையாடுவதற்குரிய பாட்டுக்கள் அதிலே உண்டு; படங்களும் உண்டு. குழந்தைக்குப் பாடும் பாட்டுடன், தாய் தனக்குள்ளே எண்ணிப் பார்ப்பதற்காகவும் ஒரு சிறு செய்யுளை அவர் சேர்த்துவைத்தார். விளையாட்டிலே குழந்தைக்கு ஒரு பங்கு, விளங்கிக்கொள்வதிலே தாய்க்கு ஒரு பங்கு. “என்னத்தைக் கதைக்கிறது?” என்று எங்கள் ஊர்த்தாய் கேட்ட வினாவுக்கு, அங்கே ஒருவர் நூலே எழுதி விடை சொல்லியிருக்கிறார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்

“பாட்டும் விளையாட்டும் நல்லனவே, ஆயினும் அவற்றாலே பிள்ளையின் வாழ்வு மாறுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடையளிப்பது மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமைக்காவிலே நடந்த ஓர் ஆய்வு.

1986, 1987 ஆம் ஆண்டுகளிலே, கிங்ஸ்ரன் நகரின் ஏழைக் குடியிருப்புக்களில், வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். அவர்கள் ஒன்பது மாதம் முதல் இருபத்து நான்கு மாதம் வரை வயதுடையோர். சாலி கிரந்தம் மக்கிறெகர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடன் உழைத்தோரும் அக்குழந்தைகளை நான்கு கூட்டமாக வகுத்தனர். ஒரு கூட்டத்துக்கு வாரந்தோறும் ஒரு கிலோகிராம் பாலுணவு கொடுத்தனர். மற்றொரு கூட்டத்தின் வீடுகளுக்கு வாரத்துக்கொரு முறை, ஒரு மணி நேரம், சுகாதார ஊழியப் பெண் ஒருவர் சென்றார். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவது கூட்டத்துக்கு இரண்டும் இல்லை. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடைபெற்றது.

வீட்டுக்குச் சென்ற அப்பெண்கள் பட்டதாரிகளல்லர். அதே சமூகத்திலே வாழ்ந்து, சிறிது காலம் பயிற்சி பெற்றவர்கள். வெறும் போத்தல், அட்டைப்பெட்டி முதலிய கழிபொருள்களாற் செய்த விளையாட்டுப் பொருள்களையும் படப் புத்தகங்களையும் அவர்கள் கொண்டு சென்றார்கள். தாயையும் குழந்தையையும் சேர்த்து இருத்தி விளையாடினார்கள். குழந்தை ஒன்றைப் பார்த்தால் அதன் பெயரைச் சொல்லவும், அது ஒலி எழுப்பினால் மறுமொழி சொல்லவும், செய்ததைப் பாராட்டவும் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள். விளையாட்டுப் பொருளை அங்கேயே விட்டுச் சென்று, அடுத்த வாரம் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது இவ்வளவே.

பாலுணவு பெற்றவர்களும் விளையாட்டுப் பெற்றவர்களும் முதலிலே முன்னேறினர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, பாலுணவாலே வந்த அறிவு வளர்ச்சியின் பயன் மங்கிவிட்டது. தாயோடு விளையாடியதால் வந்த பயன் மங்கவில்லை. அக்குழந்தைகள் இருபத்திரண்டு வயதினராகியபோது மீண்டும் தேடிக் கண்டு ஆராய்ந்தார்கள். விளையாட்டுக் கூட்டத்தினர் உழைத்த பணம், அது கிடையாதோரிலும் 25 சதவீதம் கூடுதலாயிருந்தது. குறைவின்றி வளர்ந்த அயற்பிள்ளைகளுக்கு நிகராக அவர்கள் உழைத்தார்கள். இம்முடிபு 2014 இல் வெளியிடப்பட்டது. பாலுணவு வேண்டாமென்பது இதன் பொருளன்று. பசித்த பிள்ளைக்கு உணவு முதற் கடன். உணவோடு நின்றுவிடலாகாது என்பதே நாம் அறிய வேண்டியது.

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரிலும் 1982 தொடக்கம் இத்தகைய முயற்சியொன்று நடைபெற்றது. வறிய பகுதிகளின் தாய்மாரைக் கூட்டிவைத்து உரையாடியும், வீட்டிலே குழந்தையோடு செய்ய வேண்டியவற்றைக் காட்டியும் பயிற்றினார்கள். பத்தாண்டுகளின் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளே மற்றையோரிலும் கூடுதலாகப் பள்ளிப்படிப்பை இடையில் விடாது தொடர்ந்திருந்தனர். “படியாத தாய் என்னத்தைக் கற்பிப்பாள்?” என்று கேட்கும் ஆசிரியர்கள் நம்முள் உண்டு. அவர்களுக்கு இவ்விரு நாடுகளும் விடை கூறுகின்றன.

பாட்டியல் கண்ட வழி

இவற்றையெல்லாம் வாசித்தபின் எனக்கு ஒரு நாணம் உண்டாயிற்று. பண்டித வகுப்பிலே பாட்டியல் கற்பிக்கும் நான், இவ்விடையை ஆண்டுதோறும் கரும்பலகையிலே எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். எழுதியும் அதனைக் காணவில்லை.

பிள்ளைத்தமிழைத்தான் குறிப்பிடுகிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாலுக்கும், கழங்கு, அம்மானை, ஊசல் என்பன பெண்பாலுக்கும் உரியன. கழங்கின் இடத்தில் நீராடல் வருதலும் உண்டு. மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாந் திங்கள் வரையும் ஒற்றைப்பட்ட திங்கள்களில் இப்பருவங்கள் நிகழும் எனப் பாட்டியல் நூல்கள் வரையறுக்கின்றன. மாணவர்கள் இப்பட்டியலை மனனஞ் செய்வர், பரீட்சையிலே எழுதுவர், மறப்பர். நானும் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்பொழுது அதனைத் தாயின் கண்கொண்டு பாருங்கள். ஐந்தாந் திங்களிலே குழந்தை ஒரு காலை மடித்து மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. அது செங்கீரை. ஏழாந் திங்களிலே நாவசைத்து ஒலி பயில்கிறது. தால் என்பது நாவின் பெயர். அந்நாவசைவுக்குத் தாயின் தாலாட்டே துணை. ஒன்பதாந் திங்களிலே இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. அது சப்பாணி. பதினோராந் திங்களிலே முத்தங் கேட்டால் கொடுக்கிறது. கேட்டது அதற்கு விளங்குகிறது என்பது கருத்து. பதின்மூன்றாந் திங்களிலே தளர்நடையிட்டு, வா என்றால் வருகிறது. பதினைந்தாந் திங்களிலே வானத்தைக் காட்டினால் பார்க்கிறது. எட்டாத நிலவோடு விளையாட விரும்புகிறது.

நம் தாய்மார் கிளினிக்குக்குக் கொண்டு செல்லும் கொப்பியிலே, குழந்தை எந்த வயதிலே தலை நிமிர்த்தும், எப்போது இருக்கும், எப்போது நிற்கும், எப்போது சொல் வரும் என்று ஒரு பட்டியல் உண்டு. பாட்டியலையும் அக்கொப்பியையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். திங்கள்கள் சிறிது முன்பின்னாக இருப்பினும் வரிசை ஒத்திருப்பதைக் கண்டு வியந்தேன். கொப்பி குழந்தையைப் பார்த்துக் குறிக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையோடு பேசுகிறது. காப்பிலே தெய்வங்களையும் அம்புலியிலே நிலவையும் விளிக்கின்ற போதும், கேட்டிருப்பது மடியிலுள்ள குழந்தையே. நிலவை அழைக்கும் தாய், இன்சொல் சொல்கிறாள், வேற்றுமை காட்டுகிறாள், கொடுப்பேன் என்கிறாள், கடைசியில் ஒறுப்பேன் என்றும் வெருட்டுகிறாள். சாம பேத தான தண்டம் என்னும் நால்வகை உபாயத்தையும், எழுத்து ஒன்றேனும் அறியாத குழந்தை தாயின் குரலிலே கேட்டு அனுபவிக்கிறது.

மக்கட்பேற்றைக் கூறவந்த திருவள்ளுவரும், தம் மக்களின் சொல்லைக் கேட்டலைச் செவிக்கு இன்பமென வைத்தார். பேசுதல் குழந்தையின் தொழில். கேட்டல் பெற்றோரின் தொழில் என்று கொள்வதற்கு அங்கே இடமுண்டு. கேட்பார் இல்லாத வீட்டிலே குழந்தை எதற்காகப் பேசும்?

என் பிழை

இதனை எழுதும்போது என் வீட்டுக் கதையொன்றையும் மறையாது சொல்லவேண்டும். என் மகனுக்கு மூன்று வயதானபோது நான் இளம் பண்டிதன். பண்டிதன் மகன் முதலாம் வகுப்புக்குப் போகுமுன்னரே எழுத்து முழுவதும் அறிந்திருக்க வேண்டுமென்று நினைத்தேன். மாலைதோறும் சிலேட்டும் கையுமாக அவனை இருத்தினேன். நான்கு வயது நிரம்புமுன் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எழுதினான். வந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் காட்டச் சொல்லி மகிழ்ந்தேன். ஒருநாள் சிலேட்டைக் காணவில்லை. தேடிப் பார்த்தபோது, அடுக்களையிலே விறகுக்குப் பின்னால் அது இருந்தது. ஒளித்தவன் அவனே. அன்று அவனை அடித்தேன்.

இன்று அவன் நல்ல தொழிலிலே இருக்கிறான். எங்கள் மீது அன்புள்ளவன். தமிழை வெறுத்தானென்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழ் நூலொன்றைத் தானாக விரும்பி எடுத்து அவன் வாசித்ததை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒருமுறை என் மனைவியாரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். “நீங்கள் அவனுக்கு எழுத்தெல்லாம் காட்டினீங்கள். ஒருநாளாவது முற்றத்திலை தூக்கிக்கொண்டுபோய் நிலாவைக் காட்டினீங்களோ?” என்று அவர் கேட்டார். அம்புலிப் பருவத்தை வகுப்பிலே விரித்துரைத்த எனக்கு விடையில்லை.

எழுத்து வேண்டாமென்று நான் கூறுவதாக ஆசிரிய நண்பர்கள் எண்ணலாகாது. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகள் படிமுறையாகக் கற்பதற்குப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். அவர் செய்த பேருபகாரத்தை நாம் மறக்கலாகாது. ஆனால் பாலபாடம் பேசத் தெரிந்த பிள்ளைக்காக எழுதப்பட்டது. அந்நாளிலே வீட்டுத் திண்ணையிலே பாட்டனார் இருந்தார். ஊஞ்சற் கயிற்றைப் பிடித்தபடி பாட்டியார் கதை சொன்னார். கூட்டுக் குடும்பத்திலே பேச்சுக்குப் பஞ்சமில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித்தோட்ட வெருளியையும் பாடியபோது, அவற்றைப் பிள்ளையின் காதிலே போட வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். போரினாலும் இடப்பெயர்வினாலும் புலப்பெயர்வினாலும் அந்த வீடுகள் சிதறின. இன்று ஒரு தாயும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் வீடுகள் பல. தந்தை கடையிலோ கடல்கடந்தோ இருக்கிறார். அடுப்பையும் தையல் இயந்திரத்தையும் பார்க்கும் தாய், பிள்ளை அழாதிருக்கக் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறார். அது ஓயாது பேசும். பிள்ளை சொல்வதைக் கேளாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் திரையின் முன் இருத்த வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அத்தாயைக் குறைகூறுவதிலே பயனில்லை. சிதறிய வீட்டின் இடத்தை நிரப்ப நாம் என்ன வைத்தோம் என்பதுதான் கேள்வி.

வீடு தேடி வருபவர்

நம் நாட்டுக்கு ஒரு பெரும் வாய்ப்பு உண்டு. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட காலந் தொட்டு, தாயையும் சேயையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் முறை இங்கே வேரூன்றி வளர்ந்தது. ஜமைக்காவிலே புதிதாக ஏற்படுத்த வேண்டியிருந்த வீட்டுத் தரிசனம், நமக்குப் பழக்கமான ஒன்று. குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்து வரும்போது நாய்கூடக் குரைப்பதில்லை, அவ்வளவு தெரிந்தவர். அவர் நிறையை நிறுக்கிறார். தடுப்பூசிக்கு நாள் குறிக்கிறார். பிள்ளையோடு கதையுங்கள் என்றுஞ் சொல்கிறார். ஆனால் தாயின் கண் கொப்பியிலுள்ள நிறைக்கோட்டிலேயே நிற்கிறது. கோடு ஏறினால் மகிழ்கிறார், இறங்கினால் கலங்குகிறார். சொற்கள் ஏறுகின்றனவா என்று அதே கலக்கத்தோடு பார்க்க அவருக்குக் கற்பிக்க வேண்டும்.

அவ்வுத்தியோகத்தரின் தலையிலேயே இதனையும் ஏற்றிவிடுதல் நீதியன்று. முன்பள்ளி ஆசிரியைகள் மிகச் சிறிய கொடுப்பனவைப் பெற்று உழைக்கிறார்கள். அவர்களுக்குத் தகுந்த ஊதியமும் பயிற்சியும் கொடுத்து, வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பெற்றோருக்கென ஒதுக்கச் செய்யலாம். தாய், தந்தை, பாட்டி என யார் வந்தாலும் பிள்ளையோடு ஒரே பாயில் இருந்து விளையாடட்டும். மலைநாட்டிலே, தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவங்கள் பல, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியுள்ளன. மாலையிலே களைத்துவந்து பிள்ளையைத் தூக்கும் தாயிடம், “லயம் வரைக்கும் நடக்கும்போது வழியிலே கண்டதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அது கை நீட்டுவதற்குப் பெயர் சொல்லுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அதுவே பெரிய பாடம். அதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை.

விளையாட்டுப் பொருளும் நம் வளவிலே கிடக்கிறது. தென்னோலையிலே கிலுக்கட்டை முடையலாம். பனங்காயிலே வண்டில் செய்யலாம். சிரட்டையும் மணலும் இருந்தால் சோறு சமைக்கலாம். பால்மாத் தகரம் சிறுபறையாகும். அடுக்களையிலே பயறு, உளுந்து, கடலை ஆகியவற்றைச் சுளகிலே கலந்து வைத்தால், பிள்ளை பிரித்தெடுக்கும். பெயரும் நிறமும் கணக்கும் அதிலே வரும். மீன் வாங்கும் தந்தை மீனின் பெயரைச் சொல்லலாம். இவற்றுள் எதற்கும் படிப்பு வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

வாசிகசாலையில்

எங்கள் ஊர் வாசிகசாலையிலே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இதனைச் சிறிய அளவிலே தொடங்கினோம். முன்பள்ளி ஆசிரியை ஒருவரும், இளைப்பாறிய குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரும், நானும் அதற்குப் பொறுப்பு. முதல்நாள் ஐந்து தாய்மார் வந்தனர். தாங்கள் வெளியே நிற்க, பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணி வந்தார்கள். உள்ளே வந்து பாயிலே இருக்கவேண்டுமென்றபோது வெட்கப்பட்டார்கள். பெரியவர்கள் கைகொட்டிப் பாடுவது அவர்களுக்கு நகைப்பாயிருந்தது. நானுங் கைகொட்டியதைக் கண்டபின் வெட்கம் சிறிது நீங்கிற்று. தந்தையர் வருவதற்கு இன்னும் பல மாதங்கள் சென்றன. இப்பொழுதும் இருவர் மூவரே வருகின்றனர்.

அரிசியிலே ஆங்கில எழுத்து எழுதிய அந்தச் சிறுமியும் தாயும் மூன்றாம் வாரம் வந்தார்கள். செவியிலே குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பிள்ளையோடு நிறையக் கதையுங்கள் என்றுஞ் சொன்னாராம். சில மாதங்கள் சிறுமி ஒரு மூலையிலே இருந்து மணலை அளைந்துகொண்டிருந்தாள். தாய்க்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஆசிரியை மாத்திரம் ஒவ்வொரு வாரமும் அவ்விருவர் அருகிலும் சென்று இருந்து, சிறுமி செய்வதையெல்லாம் மெல்லச் சொல்லிக் காட்டுவார்.

ஒரு மாலை நான் வாசற்படியிலே பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுமி ஒரு சிரட்டை நிறைய மணலைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். அதனை நான் எடுக்கப் போனபோது, “சுடும்” என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதற் சொல் அது. நான் மறுமொழி சொல்லுமுன், பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது: “ஐயாவுக்கு உப்புப் போட்டனீரோ, அம்மா?” சிறுமி திரும்பிப் பார்த்தாள். சற்று யோசித்துவிட்டு, இன்னுமொரு பிடி மணலை அள்ளிவரப் போனாள்.

சிறுமி பேசியதிலும் அந்தத் தாய் கேட்டதே எனக்குப் பெரிதாகப்பட்டது. “என்னத்தைக் கதைக்கிறது?” என்றவர் அவரே.

அடுத்த விசயதசமிக்கும் நான் தாம்பாளத்தின் முன் இருப்பேன். குழந்தைகளைக் கொண்டுவாருங்கள், அகரம் எழுதுவிப்போம். அதற்கு முன்பாக, பெற்றோரே, வீட்டிலே அவர்களோடு நாள்தோறும் சிறிது நேரம் பேசுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இன்றிரவு நிலவிருந்தால் முற்றத்துக்குத் தூக்கிச் சென்று காட்டுங்கள். ஆசிரியர்களே, உங்கள் பள்ளிப் படலையைப் பெற்றோருக்கும் திறந்துவிடுங்கள். ஊர்தோறும் ஒரு வாசிகசாலை உண்டு. ஒரு பாயும் உண்டு. தொடங்குவதற்கு அவை போதும்.